பூனை ஏன் குப்புற விழுகிறது? சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர்

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் கணினிக்குக் கட்டளை போடப் பழக (கோடிங்) என்னிடம் வருகிறார்கள். மவுஸ், கீபோர்டு பக்கமே நான் போகவில்லை. டேப்லெட்டும், கட்டளைக் கட்டைகளை வரிசையாக ஒட்டித் திரையில் உள்ள உருவத்தை நகர்த்தும் ஸ்க்ராட்ச் ஜூனியர் செயலியும் போதும். இலவசம், 5 முதல் 7 வயதுக்கென்றே செய்தது, கட்டளைக் கட்டைகளில் எழுத்தே கிடையாது, படம்தான். அ, ஆ பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் கை ஓடும். பெரிய பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்சுக்கு 8 வயது ஆகட்டும், அவசரம் இல்லை.

செயலியைத் திறந்து கூட்டல் குறியைத் தொட்டால் பூனை வந்து நிற்கும். அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் அதற்கு முன்:

1. முதல் நாள் டேப்லெட்டை வெளியே எடுக்காதீர்கள். தரையில் சாக்பீஸால் பாண்டிக்குப் போடுவதுபோல் ஐந்துக்கு ஐந்து கட்டம். ஒரு பிள்ளை பூனை, இன்னொன்று கட்டளை போடும், மூலையில் பால் கிண்ணம். "அந்தப் பக்கம் போ" செல்லாது. எத்தனை கட்டம் என்று சொல்ல வேண்டும்.

2. நான் சறுக்கிய இடம் இதுதான். "வலது பக்கம் திரும்பு, மூன்று அடி நட" என்று தரையில் பழக்கிவிட்டேன். அடுத்த வாரம் பிள்ளைகள் திருப்பும் கட்டையை வைத்து 3 என்று போட்டார்கள். பூனை அப்படியே குப்புறக் கவிழ்ந்தது! ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் வியர்த்தது. இதில் திருப்புவது என்றால் படத்தைச் சுழற்றுவது மட்டுமே. நடக்கும் திசை மாறாது. 12 போட்டால் ஒரு முழுச் சுற்று, கடிகார முள் மாதிரி. 3 என்றால் கால் சுற்று. பூனை கீழே போக வேண்டுமா? கீழ் அம்புக்குறிக் கட்டையைத்தான் வைக்க வேண்டும். அதனால் தரை விளையாட்டிலும் இப்போது "திரும்பு" கிடையாது: சுவர்ப் பக்கம் மேலே, வாசல் பக்கம் கீழே. பூனையாக நிற்கும் பிள்ளை முகத்தைத் திருப்பாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும்.

3. மேலே கட்டம் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். குறுக்கே 20, நெடுக்கே 15 கட்டம் எண்ணோடு தெரியும். பூனையை ஓட்டுவதற்கு முன்பே எந்த எண்ணில் போய் நிற்கும் என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் பாடமே இதுதான்.

4. பச்சைக்கொடிப் படம் போட்ட மஞ்சள் கட்டையை முன்னால் ஒட்டி, மேலே உள்ள கொடியைத் தொட்டால் பூனை கிளம்பும்.

பின்சேர்க்கை: "பூனையோடு இரண்டாவது பாத்திரம் (இன்னொரு உருவம்) சேர்த்ததும் முன்பு வைத்த கட்டைகள் எல்லாம் காணோம்" என்று பின்னூட்டத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கும் போகவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி இடம். இடப்பக்கம் பூனையைத் தொட்டால் அதன் கட்டைகள் வந்துவிடும். அப்புறம், பிள்ளைகள் செய்தது எல்லாம் அந்த டேப்லெட்டுக்குள்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று செயலியை நீக்கினால் அத்தனையும் போச்சு. எங்கள் டேப்லெட்டின் பின்னால் "அழிக்காதே" என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன்.