பயிற்சி முகாமுக்குப் போகிறவர் பையில் இருக்கும் மாத்திரைகள்

ராணுவப் பயிற்சி முகாம் ஒன்றின் மருத்துவ அறையில் ஒன்பது ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். விடியும் முன்பே சிக் ரிப்போர்ட் வரிசை, அதாவது உடம்பு சரியில்லாதவர்கள் வந்து காட்டும் வரிசை, தொடங்கிவிடும். வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. அங்கே வராமல், காலுறைக்குள் மாத்திரை அட்டையை மறைத்து வைத்திருந்தவர்களை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

ஆஸ்துமா, தைராய்டு, மனச்சோர்வு என்று எதற்காவது மருந்து எடுப்பவர், அதன் பெயர், அளவு, சாப்பிடும் நேரம் மூன்றையும் எழுதி, மருத்துவர் சீட்டோடு முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். முதல் வாரக் களைப்பு என்று நீங்களே நினைத்துக்கொள்வீர்கள்.

அதிகம் பார்த்தது வலி மாத்திரைதான். முழங்காலுக்குக் கீழே வலித்த ஒரு பையன், பேட்சிலிருந்து பின்தங்கிவிடுவோம் என்று பயந்து, மூன்று வாரம் இபுப்ரோஃபென் விழுங்கி ஓடினான். எலும்பில் மயிரிழை விரிசல். வலி அடங்கியதால் அவனுக்கே தெரியவில்லை. சில வார ஓய்வில் முடிந்திருக்க வேண்டியது, பல மாதம் இழுத்தது. விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவ அறையில் காட்டுங்கள். இரவில் படுத்தாலும் வலித்தால் இன்னும் அவசரம்.

இபுப்ரோஃபெனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் காக்கும் வேதிப்பொருளையும் அது தடுக்கும். அதனால் நீண்ட அணிவகுப்புக்கு முன் 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடவே கூடாது. வெறும் வயிற்றிலும் வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது நாளை வரை காத்திருக்காதீர்கள்.

சளி மாத்திரையை அட்டையின் பின்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள். பலவற்றில் பாராசிட்டமால் இருக்கும். தனியாகவும் அதைப் போட்டால் கணக்கு தப்பும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பே 4 கிராம், அதாவது 500 மில்லிகிராமில் எட்டு. தூக்கம் தரும் பழைய அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். மூக்கடைப்பு மாத்திரை நெஞ்சுத் துடிப்பை ஏற்றும். வெயிலில் ஓடுகிறவருக்கு இரண்டுமே கெடுதல். வெயிலில் சுருண்டு விழுந்தவனுக்குப் பாராசிட்டமால் பயன்படாது, உடனே குளிர்ந்த நீரால் உடம்பைக் குளிர வைக்க வேண்டும்.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். இந்த மருந்து எடுக்கும்போது தோலும் வெயிலில் சீக்கிரம் கருகும்.

அப்புறம், பக்கத்துக் கட்டில்காரன் அன்பாக நீட்டும் மாத்திரை. வாங்காதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவ அறையில் மறைக்காமல் சொல்லுங்கள்: எது, எத்தனை, எத்தனை மணிக்கு. அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள்.