சிங்கமீனைக் குத்தப் போய்ப் பவளத்தை உடைக்காதீர்கள்

நம் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய சிங்கமீன், 1985-இல் ஃப்ளோரிடா கரையோரம் முதன்முதலாகத் தென்பட்டது. அழகுக்காகத் தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதாகவே பலரும் கருதுகிறார்கள். இன்று பஹாமாஸ், கரீபியன், மெக்சிகோ வளைகுடா எங்கும் அது பரவிவிட்டது. ஒரு பெண்மீன் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முட்டையிடும். பஹாமாஸின் சிறு பவளத் திட்டுகளில் நடந்த சோதனையில், சிங்கமீன் இருந்த இடங்களில் ஐந்தே வாரத்தில் புதிதாகச் சேரும் குஞ்சு மீன்கள் சராசரியாக 79 விழுக்காடு குறைந்தன. அதனால்தான் அங்கே முக்குளிப்பவர்கள் ஈட்டியோடு இறங்குகிறார்கள். இறங்க வேண்டியதுதான். ஆனால் எதைக் காக்க இறங்கினோம் என்பது நீருக்குள் மறந்துவிடுகிறது.

முதல் தவறு, நீருக்குள் ஏறாமல் தாழாமல் மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகும் முன்பே ஈட்டியை எடுப்பது. சிங்கமீன் பாறை இடுக்கிலும் விளிம்புக்கு அடியிலும் ஒண்டியிருக்கும். அதைப் பார்த்த பரபரப்பில் முழங்காலைப் பவளத்தில் ஊன்றுவார்கள், துடுப்பால் உதைப்பார்கள், குறி தவறிய முனை பவளத்தைப் பெயர்க்கும். பாறைபோல் திரண்டு வளரும் பவளங்கள் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நேராகக் குத்த இடமில்லையென்றால் அந்த மீனை விட்டுவிடுங்கள். எட்டத்திலிருந்து பாயும் துப்பாக்கி ஈட்டி இதற்கு வேண்டாம்; கிட்டப் போய்க் குத்தும் பல முனைக் குட்டை ஈட்டி போதும். ஈட்டி வேட்டைக்கே தடையுள்ள கரீபியனின் பொனேர் தீவில், பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் இந்த வகை ஈட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அரைகுறையாகக் குத்தித் தப்பவிடுவதும் கேடுதான். அடிக்கடி வேட்டை நடக்கும் திட்டுகளில் இந்த மீன்கள் பகலில் இன்னும் ஆழமாக இடுக்குக்குள் பதுங்குகின்றன.

குத்திய மீனைச் சுறாவுக்கோ களவாமீனுக்கோ ஊட்டாதீர்கள். அவை சிங்கமீனை வேட்டையாடப் பழகுவதில்லை, மனிதரைப் பின்தொடரத்தான் பழகுகின்றன.

செத்த மீனின் முள்ளிலும் நஞ்சு உண்டு. மொத்தம் 18 நச்சு முட்கள்: முதுகில் 13, வயிற்றில் 2, வாலுக்கு முன்னால் அடிப்புறத்தில் 3. ஆகவே வலைப்பையில் போட்டு இடுப்பில் தொங்கவிடாதீர்கள். முள் துளைக்காத குழாய்ப் பெட்டி வேண்டும். முள் குத்திவிட்டால் வலியில் விருட்டென மேலே வருவது, குத்தியதைவிடப் பெரிய ஆபத்து. நிதானமாக ஏறி வந்து, தோல் வேகாமல் தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காயத்தை அமிழ்த்துங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் வெந்நீருக்குக் காத்திருக்காமல் ஓடுங்கள்.

ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பிடித்துவிட்டு அந்தத் திட்டை மறப்பதில் பயனில்லை. சுமார் 300 மீட்டர் ஆழத்திலும் சிங்கமீன் உண்டு. குஞ்சுகள் நீரோட்டத்தில் வந்துகொண்டே இருக்கும். அடியோடு ஒழிக்க முடியாது, தேவையும் இல்லை. ஒரு வரம்புக்குக் கீழே எண்ணிக்கையை வைத்திருந்தாலே உள்ளூர் மீன்கள் மீள்கின்றன. அதற்கு அதே திட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மன்னார் வளைகுடாவில் யாரும் சிங்கமீனைக் குத்திவிட வேண்டாம். இங்கே அது நம் கடலின் பிள்ளை. நம் பவளத்தை மூடிக்கொல்லும் அந்நியன் கப்பாஃபைகஸ் பாசி. அதைக் கையால்தான் அகற்றுகிறார்கள். பிய்ந்த துணுக்கு விட்டுப்போனால் அதிலிருந்தே மறுபடி தழைக்கும்.