தொலைந்த தங்கச் சுரங்கக் கதையை நம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், பீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைகள் இருக்கின்றன. அங்கே எங்கோ 'லாஸ்ட் டச்மேன்' என்ற தங்கச் சுரங்கம் மறைந்து கிடப்பதாக நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசி வருகிறார்கள். இந்தக் கதையை நம்பிப் போனவர்கள் சிலர் உயிரோடு திரும்பவில்லை. அதனால் இதைச் சொல்பவரும் கேட்பவரும் சில தவறுகளைத் தவிர்ப்பது நல்லது.

முதல் தவறு, ஆவணத்தில் உள்ளதையும் பின்னால் ஒட்டிக்கொண்டதையும் ஒன்றாகக் கலப்பது. சுரங்கத்தின் பெயரில் வரும் 'டச்மேன்' ஜேக்கப் வால்ட்ஸ்தான்; அக்கால அமெரிக்காவில் ஜெர்மானியரையும் அப்படி அழைப்பார்கள். அவர் கற்பனை மனிதர் அல்ல. ஜெர்மனியிலிருந்து வந்து, 1861இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, 1868 வாக்கில் சால்ட் ஆற்றங்கரையில் குடியேறியவர். 1891 பிப்ரவரியில் பெருவெள்ளம் அந்தக் கரையைச் சூறையாடியது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று, தன்னைப் பராமரித்த ஜூலியா தாமஸின் வீட்டில் இறந்தார். சாகும் முன் சுரங்கத்துக்கு வழி சொன்னார், படுக்கைக்கு அடியில் தங்கத் தாது வைத்திருந்தார் என்பதெல்லாம் பிறர் வாய்வழி வந்தவை. ஜூலியாவே மறு ஆண்டு போய்த் தேடி வெறுங்கையோடு திரும்பினார். கேட்டவரே கண்டுபிடிக்காத இடத்தை, மூன்றாம் நான்காம் ஆள் வரைந்த வரைபடம் எப்படிக் காட்டும்? வால்ட்ஸுக்கு முன்பே அங்கே தங்கம் வெட்டியதாகச் சொல்லப்படும் மெக்சிகோவின் பெரால்டா குடும்பத்தை 1840களில் அபாச்சி பழங்குடியினர் அங்கே கொன்று குவித்தார்கள் என்ற கதைப் பகுதிக்கும் நம்பத்தக்க சான்று இல்லை. அந்த நிலத்தைப் புனிதமாகக் கருதும் ஒரு மக்கள்மேல் ஆதாரமில்லாத கொலைப்பழியை ஏற்றுவதாகிவிடும். இதை வரலாறு போலத் திரும்பச் சொல்லாதீர்கள்.

பாறையைப் பார்க்காமல், சுரங்கத்துக்கு வழி காட்டுவதாகச் சொல்லப்படும் குறிப்புகளை மட்டும் படிப்பது அடுத்த தவறு. 'வீவர்ஸ் நீடில்' என்ற செங்குத்துப் பாறையின் நிழல் விழும் இடத்தைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். ஆனால் இந்த மலைகளில் பெரும்பகுதி எரிமலைச் சாம்பலும் குழம்பும் இறுகியவை. தங்க இழை ஓட வாய்ப்பு குறைவான பாறை இது. அதற்காக 'அந்தப் பக்கமே தங்கம் கிடையாது' என்று ஒதுக்குவதும் பிழைதான். மலையின் மேற்கு அடிவாரத்தில், கோல்ட்ஃபீல்டில், 1890களில் உண்மையாகவே தங்கம் வெட்டினார்கள். விக்கன்பர்க் அருகே 1863இல் கண்டுபிடிக்கப்பட்ட வல்ச்சர் சுரங்கமும் பெயர் பெற்றது. வால்ட்ஸ் கையில் தங்கம் இருந்திருந்தால், அது யாரும் அறியாத குகையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று இல்லை.

மரணங்களைச் சாபம் என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். 1931 கோடையில் ஏடால்ஃப் ரூத் என்ற முதியவர் வரைபடத்தோடு மலைக்குள் போனார். டிசம்பரில் அவருடைய மண்டையோடு கிடைத்தது. அதிலிருந்த துளை துப்பாக்கிக் குண்டால் ஆனதா என்ற சர்ச்சை நாளிதழ்களில் பரவ, கதை நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. 2010 ஜூலையில் யூட்டாவிலிருந்து வந்த மூவர் காணாமல் போனார்கள். அடுத்த ஜனவரியில் எச்சங்கள்தான் கிடைத்தன. ஜூலையில் அங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிழல் அரிது, நீர் அதைவிட அரிது. இதற்குச் சாபம் என்று பெயர் வைத்தால் உண்மையான ஆபத்து மறைந்துபோகும். அடுத்து போகிறவர் தாயத்தைக் கட்டிக்கொள்வார், தண்ணீரைக் குறைவாக எடுத்துப் போவார்.

சட்டத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மலைகளின் பெரும்பகுதி, சுமார் 1,60,000 ஏக்கர், டோன்டோ தேசிய வனத்துக்குள் பாதுகாக்கப்பட்ட காட்டுநிலம். 1984 முதல் அங்கே புதிதாகச் சுரங்க உரிமை கோர முடியாது. புதையல் தேடத் தனி அனுமதி வேண்டும்.

மலையைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அடிவாரத்திலேயே லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்கா இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். குறியிட்ட பாதையை விட்டு விலகாமல், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டு, நிறையத் தண்ணீரோடு போங்கள்.