தேரிக்காட்டுக் கிறிஸ்தவக் கோயில்களை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

தேரி என்கிற செம்மணல் காட்டுப் பக்கம் நாலு ஊர்: இடையன்குடி, முதலூர், மெஞ்ஞானபுரம், மணப்பாடு. திருநெல்வேலியில் காலையிலேயே வண்டி ஏறினால் இந்த நாலு ஊர்க் கோயில்களையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திருச்செந்தூர் வந்துவிடலாம். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததிலிருந்து "உள்ளே விட்டாங்களா, யாரைக் கேட்டீங்க" என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. வழியை கூகுள் மேப் சொல்லிவிடும். கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று அது சொல்லாது.

நாள் குறிப்பது

ஞாயிறு வேண்டாம். காலை ஆராதனையில் ஒரு கோயிலில் உட்கார்ந்தால் மற்ற மூன்றுக்கும் நேரம் இருக்காது. வாரநாள்தான் சரி. செப்டம்பர் 14 மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா. அதையொட்டிய நாட்களில் கூட்டம் பார்க்கப் போகலாம், கோயில் பார்க்க முடியாது. சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) அசனப் பண்டிகை என்ற சபை விருந்து நடக்கும் நாளில் போனால் சாப்பாடு கிடைக்கும், கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஆள் கிடைக்காது. என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி. மே மாதம் தேரி மணலில் செருப்பில்லாமல் பத்தடி நடந்து பாருங்கள், ஏன் என்று புரியும்.

சாவி

இந்த ஒரு படியில்தான் பாதிப் பேர் திரும்பி வருகிறார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்கள் வாரநாளில் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். சரி, சேகர குருவானவருக்குப் போன் செய்யலாம் என்று இணையத்தில் எண்ணைத் தேடுவீர்கள். எண் கிடைக்கும், அழைத்தால் எடுப்பார், அன்பாகப் பேசுவார், "நான் மாற்றலாகி வேறு சேகரத்துக்கு வந்துட்டேனே" என்பார். ஐயர்மார் (இங்கே குருவானவரை ஐயர் என்பார்கள்) சில வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பழைய எண்ணை நம்பி வண்டி பேசாதீர்கள். "இப்போ அங்கே இருக்கிற ஐயர் எண் கிடைக்குமா?" என்று அவரிடமே கேளுங்கள்; கட்டாயம் வைத்திருப்பார்.

இன்னொரு சிக்கல். நாலு கோயிலும் ஒரே நிர்வாகத்தில் இல்லை. இடையன்குடி சி.எஸ்.ஐ.யின் திருநெல்வேலி திருமண்டலம். முதலூரும் மெஞ்ஞானபுரமும் அதிலிருந்து 2003-ல் பிரிந்த தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம். மணப்பாடு கத்தோலிக்கக் கோயில், தூத்துக்குடி மறைமாவட்டம். ஓர் அலுவலகத்தில் அனுமதி வாங்கினால் நாலுக்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம்.

ஐயர் சரி என்று சொன்ன பிறகும் வேலை முடியவில்லை. கதவைத் திறக்கப்போவது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர், கோயில் குட்டியார். அவர் எண்ணையும் வாங்கி, முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை, முந்தைய ஊரிலிருந்து கிளம்பும்போது ஒருமுறை கூப்பிடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவரை எழுப்பாதீர்கள். எண்ணே கிடைக்கவில்லை என்றால் கோயிலை ஒட்டி இருக்கும் பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள். இந்த ஊர்களில் கோயிலும் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில்தான். அப்படியே ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது வந்து சொல்ல முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். செல்போனில் விக்கிப்பீடியாவை வாசித்துக் காட்டும் வழிகாட்டியைவிட அவர் நூறு மடங்கு மேல்.

போகும் வரிசை

காலையில் திசையன்விளை வழியாக இடையன்குடி. கால்டுவெல் இங்கே வந்தது 1841-ல். பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அடிக்கல் போட்டு, பிரதிஷ்டை செய்தது 1880-ல். முப்பத்து மூன்று வருடம் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு! 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள்தான் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது, அதையும் பாருங்கள். அவர் மனைவி எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

அடுத்து முதலூர். மதம் மாறியதால் துன்புறுத்தப்பட்டவர்கள் 1799-ல் குடியேறிய ஊர். மஸ்கோத் அல்வா வாங்குவதைக் கோயில் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்குப் போனால் கூட்டத்தைத் திரும்ப வண்டியில் ஏற்ற முடியாது. தேங்காய்ப்பால் அல்வா அது, வெயிலில் வைக்க வேண்டாம்.

சாத்தான்குளத்தில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மெஞ்ஞானபுரம். பனைகளுக்கு மேலே கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். 192 அடி என்பார்கள். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டிய தூய பவுல் ஆலயம். கூர் வளைவுகளும் ஜன்னல்களும் அப்படியே கோதிக் பாணி. அவசரப்படாமல் ஒருமுறை வெளியே சுற்றி வாருங்கள், அப்புறம் உள்ளே போங்கள்.

கடைசியில் மணப்பாடு. கத்தோலிக்கக் கோயில்கள் பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும், அதனால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளினேன். கடலை ஒட்டிய மேட்டில் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். சவேரியார் 1542-ல் வந்து தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை கீழே இருக்கிறது. இங்கே "ஐயர்" என்று விசாரிக்காதீர்கள். ஃபாதர் அல்லது பங்குத்தந்தை.

கையில் வைத்திருக்க வேண்டியவை

தண்ணீரும் தொப்பியும் சொல்லாமலே கொண்டுவருவீர்கள். நான் வற்புறுத்துவது ஒரு சின்ன டார்ச் லைட். சுவரில் பதித்த பழைய கல்வெட்டுகளில் எழுத்து மங்கியிருக்கும். செல்போன் வெளிச்சத்தை நேராக அடித்தால் கல் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். செதுக்கின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். மாவு தடவுவது, சாக்பீஸ் தேய்ப்பது எல்லாம் கூடவே கூடாது.

செருப்பு வாசலிலேயே. பலிபீடக் கிராதியைத் தாண்ட வேண்டாம். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காணிக்கைப் பெட்டியில் ஏதாவது போடுங்கள், திறந்துவிட்டவருக்குத் தனியாகக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: தசரா சமயத்தில் போன ஒரு வாசகர் குலசேகரன்பட்டினம் பக்கம் நெரிசலில் மாட்டி மணப்பாட்டை விட்டுவிட்டாராம். முத்தாரம்மன் கோயில் தசரா நடக்கும்போது அந்தச் சாலையை மறந்துவிடுங்கள். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தன்றும் அப்படித்தான்.

நாசரேத்தைச் சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மர்காஷிஸ் ஐயர் உழைத்த ஊர், பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஐந்து கோயில் ஒரு நாளுக்குத் தாங்காது. மணப்பாட்டை எடுத்துவிட்டு, மெஞ்ஞானபுரத்திலிருந்து நாசரேத் போய் அங்கேயே திருநெல்வேலி ரயிலைப் பிடியுங்கள்.