ஆர்எஸ்ஐ 30க்கு கீழ போச்சுன்னு உடனே வாங்காதீங்க

ஆர்எஸ்ஐங்கிறது விலை ஏறி இறங்குற வேகத்தை 0-லேர்ந்து 100 வரைக்கும் காட்டுற அளவு, அது 30க்கு கீழ போனா அளவுக்கு மீறி வித்துட்டாங்க, இனி ஏறும்னு பலர் வாங்குவாங்க. ஆனா இறங்குற ஸ்டாக்ல ஆர்எஸ்ஐ வாரக்கணக்கா 30க்கு கீழயே கெடக்கும், விலையும் இறங்கிட்டேதான் இருக்கும். அதனால மொதல்ல டெய்லி சார்ட்ல 200 நாள் மூவிங் ஆவரேஜ் (கடைசி 200 நாள் விலையோட சராசரியைக் காட்டுற கோடு) போடுங்க, விலை அதுக்கு மேல இருந்து கோடும் ஏறுமுகமா இருந்தா மட்டும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க. அப்புறம் 14 நாள் ஆர்எஸ்ஐ பாருங்க, நல்லா ஏறுற ஸ்டாக்ல அது பெரும்பாலும் 30 வரைக்கும் வராது, 40 பக்கம் வந்து திரும்பும், அங்கதான் நமக்கு வேலை, ஆனா முந்தின நாள் ஹையை (அன்னைக்குத் தொட்ட உச்ச விலையை) தாண்டி க்ளோஸ் ஆகுதா, வால்யூம் (கைமாறுன ஷேர் எண்ணிக்கை) ஏறியிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

ஸ்டாப்லாஸ், அதாவது இந்த விலைக்கு இறங்கினா தானா வித்துடுன்னு குடுக்குற ஆர்டர், கட்டாயம் போடுங்க ப்ளீஸ். 500க்கு வாங்கி 480ல ஸ்டாப்லாஸ்னா ஷேருக்கு 20 ரூபா ரிஸ்க், 2000 ரூபாக்கு மேல இழக்க முடியாதுன்னா 100 ஷேரோட நிறுத்திக்கோங்க. குவாட்டர்லி ரிசல்ட்டுக்கு முந்தின நாள் புதுசா எதுவும் வாங்க வேணாம், ரிசல்ட் மோசமா வந்து கேப் டவுன்ல, அதாவது முந்தின க்ளோஸை விட ரொம்ப கீழ 450ல ஓப்பன் ஆனா ஸ்டாப்லாஸ் 480ல இருந்தாலும் 450லதான் விக்கும்.