பரணில் கிடக்கும் ரிமோட் விமானம்: டெல்டாவில் மறுபடி பறக்கத் தொடங்குவது எப்படி

கல்லூரியில் என்.சி.சி. ஏர் விங்கில் பழகியவர்கள், வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கிவந்த செட்டை வைத்துப் பறக்கவிட்டவர்கள் என்று நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று அது அப்படியே நின்றுபோயிருக்கும். மறுபடி தொடங்க நினைக்கும் அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. புதிதாக வருபவர்களும் இதே வரிசையில் போகலாம். விரல் பழக்கம் சீக்கிரம் திரும்பிவிடும், பழைய சாமான் திரும்பாது என்பதுதான் என் கருத்து.

1. பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள்

பால்சா மர விமானமாக இருந்தால் இறக்கையின் நடு மூட்டைப் பிடித்து லேசாகத் திருகுங்கள். 'கிறுக்' என்று சத்தம் வந்தால் பசை காய்ந்து விட்டுவிட்டது என்று அர்த்தம். எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) கீல்களையும் இழுத்துப் பாருங்கள். குளோ எஞ்சின் (எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சின்) இருந்தால் அதற்குள் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் கோந்துபோல் இறுகியிருக்கும். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி முனையில் பொடி பூத்திருந்தால் மின்கழிவில் போட்டுவிடுங்கள்.

அலைவரிசைக்கென்று கிரிஸ்டல் மாட்டும் பழைய எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்டை) ஆசைக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் அலைவரிசை மோதும் கவலையே இல்லை. நான்கைந்து பேர் ஒரே வயலில் ஒன்றாகப் பறக்கவிடலாம்.

2. என்ன வாங்குவது

சுமார் ஒரு மீட்டர் இறக்கை, இறக்கை மேலே இருக்கும் அமைப்பு, ஈ.பி.பி. எனும் எளிதில் உடையாத ஃபோமில் உடல், மின்மோட்டார். மோட்டார் பின்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, வயிறு தட்டி இறங்கினாலும் புரொப்பல்லர் உடையாது. போர் விமான வடிவத்தில் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிமோட் விமானமும் அடங்கும் 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. இதை வணிக நோக்கமில்லாமல் இயக்க ரிமோட் பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் இடம் முக்கியம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சை மண்டலத்தில் இருந்தால்தான் முன் அனுமதி இல்லாமல் 400 அடி வரை பறக்கவிடலாம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் வயலில் கால் வைக்கவே கூடாது.

3. சிமுலேட்டர்

திரையில் பறக்கவிட்டுப் பழகும் பிக்காசிம் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, செல்போனிலும் ஓடும். ஒரே ஒரு பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்: விமானம் உங்களை நோக்கி வரும்போது திருப்புவது. இடமும் வலமும் மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ளினால் நேராகிவிடும்.

4. வயலும் நேரமும்

இதில்தான் டெல்டாக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். இவ்வளவு சமமான தரை வேறெங்கே கிடைக்கும்? ஆனால் அறுவடை முடிந்த வயல் எல்லாம் சும்மா கிடக்கும் வயல் இல்லை. சம்பா, தாளடி அறுப்பதற்குச் சில நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், தாளுக்கிடையில் செடி முளைத்து நிற்கும். அதில் விமானத்தை இறக்கிவிட்டு எடுக்க ஓடினால் பயிரை மிதிக்கிறோம். "அண்ணே, உளுந்து எடுத்தாச்சா?" என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். பங்குனிக் கடைசியிலிருந்து மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை நமக்கான காலம். வழக்கமாக அணை திறக்கும் நாள் ஜூன் 12. பம்புசெட் உள்ள இடங்களில் முன்பட்ட குறுவையும் கோடைப் பருத்தியும் இருக்கும், அவற்றை விட்டு விலகுங்கள்.

கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும். சில வெடிப்பில் கையே நுழையும். சின்னச் சக்கரம் அதில் சிக்கினால் விமானம் குப்புறக் கவிழும். எனவே சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கையால் எறிந்து ஏற்றுங்கள், வயிற்றில் இறக்குங்கள்.

காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை காற்று அடங்கியிருக்கும். அதற்குப் பிறகு தரை சூடேறி விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். நாகை, வேதாரண்யம் பக்கம் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி, தென்னை வரிசை, கிடை போட்ட ஆடுகள், வாத்துக் கூட்டம் எல்லாம் எங்கே என்று முதலில் பாருங்கள். வாத்து மிரண்டால் மேய்ப்பவர் பாடு திண்டாட்டம். வடுவூர், கோடியக்கரை போன்ற பறவைச் சரணாலயங்களின் பக்கமே போக வேண்டாம்.

5. எறிவதற்கு முன்

முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யுங்கள், பிறகு பேட்டரியை மாட்டுங்கள். முடிக்கும்போது பேட்டரியை முதலில் கழற்றுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரு விரல்நுனியால் தாங்கித் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். வால் கனத்த விமானத்தைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், மோட்டார் நின்றால்தான் ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) சரியாக இருக்கிறது.

6. முதல் பறத்தல்

வைக்கோல் துணுக்கைக் கிள்ளிப் போட்டுக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காற்றை எதிர்த்து, முக்கால் த்ராட்டிலில் (மோட்டார் வேகத்தில்), துணைக்கு வந்தவர் தரைக்கு இணையாக எறியட்டும். மேல்நோக்கி எறிந்தால் வேகம் செத்து விழும்.

இரண்டு தென்னை உயரம் போன பிறகு த்ராட்டிலைப் பாதியாக்கி, கை எடுத்தாலும் நேராகப் போகும்படி ரிமோட்டின் டிரிம் பொத்தான்களால் சரிசெய்யுங்கள். பிறகு பெரிய வட்டங்கள் மட்டும் போதும். திருப்பும்போது எலிவேட்டரை அதிகமாக இழுத்தால் வேகம் குறைந்து ஒரு இறக்கை சரியும், அதுதான் ஸ்டால். உடனே எலிவேட்டரைத் தளர்த்தி, த்ராட்டிலைக் கூட்டுங்கள். பயத்தில் கை இன்னும் இழுக்கத்தான் பார்க்கும், அதைத்தான் அடக்கிப் பழக வேண்டும்.

டைமரை 5 நிமிடத்துக்கு வையுங்கள். தரையிறங்கும்போதும் காற்றை எதிர்த்து வந்து, வரப்பைத் தாண்டியதும் த்ராட்டிலை மூடி, தரைக்கு ஒரு முழம் இருக்கையில் மூக்கை மெல்ல உயர்த்துங்கள்.

7. பேட்டரி

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 3.5-க்குக் கீழே இறக்காதீர்கள். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ், கண்முன்னே வைத்துத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும், பறக்க வழியில்லை. அந்த மாதங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்து, மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் அதை மறுபடி சார்ஜரில் மாட்டவே கூடாது.