மதுரையிலிருந்து படகில் போய் ஸ்நார்கெலிங்: முதலில் காற்று, அப்புறம்தான் தேதி

கடலுக்குப் போவதென்றால் மதுரைக்காரர்கள் நாம் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, தனுஷ்கோடியில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதே கடலில், மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே வடக்குக் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, பல இடங்களில் ஒரு ஆள் இரண்டு ஆள் ஆழத்திலேயே பவளப்பாறை கிடக்கிறது. அதைப் பார்க்க ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளை கட்டி முங்குவது, படிக்க வேண்டியதில்லை. குப்புற மிதந்து, குழாய் வழியே மூச்சு விட்டபடி கீழே பார்க்கும் ஸ்நார்கெலிங்கே போதும். மாஸ்க், மூச்சுக் குழாய், லைஃப் ஜாக்கெட், பொறுப்பான படகுக்காரர் ஒருவர், கூட வர ஆறேழு பேர், இவ்வளவு போதும். ஆனால் நாள் தப்பாகக் குறித்துவிட்டால் இத்தனையும் இருந்தும் கலங்கிய தண்ணீரில் உங்கள் கையையே பார்த்துவிட்டு வர வேண்டியதுதான், அதனால் காற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பாம்பன் பாலத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள், ஆனால் பெண்கடல் வருடம் முழுக்க அடங்கிக் கிடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் ஓரளவு தணிந்திருக்கும். அக்டோபரில் வாடைக்காற்று தொடங்கியதும் அப்படியே தலைகீழ், வடக்குக் கடல் சீறும். இரண்டு காற்றுக்கும் நடுவில் வருகிற பிப்ரவரி கடைசி, மார்ச், ஏப்ரல்தான் என் கணக்கில் சரியான காலம். தண்ணீர் தெளியும், படகும் அதிகம் ஆடாது.

மழைக்காலத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. நம் வைகை, தண்ணீர் வரும் வருடங்களில், ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போனதுபோக மிச்சத்தை அழகன்குளத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் கொண்டுபோய்ப் பாக் நீரிணையில்தான் சேர்க்கிறது. அந்தச் சமயத்தில் பக்கத்துக் கடற்கரைகளில் சேறு கலந்து ஒன்றும் தெரியாது. மதுரையில் தரைப்பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடுகிற வாரத்தில் ஸ்நார்கெலிங் திட்டம் போடாதீர்கள்.

ஆகவே ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அந்தத் தேதிக்குக் கடலைத் தேடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்னால் படகுக்காரரிடம் "அண்ணே, தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டு முடிவு செய்யுங்கள். கூடவே ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் வெளியிடுகிற அலை எச்சரிக்கையையும் பாருங்கள். உள்ளூரில் காற்றே இல்லாமல், தூரத்து இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையில் ஏறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள், அந்த எச்சரிக்கை இருந்தால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இறங்க வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் வந்தால் பேச்சே இல்லை, தள்ளிப் போடுங்கள்.

எங்கே போவது? ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நம் இஷ்டத்துக்குப் படகை விட்டு இறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். "தீவுக்கே கூட்டிட்டுப் போறேன், பர்மிஷன் எல்லாம் வேணாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் முன்பணம் கொடுக்காதீர்கள், மாட்டினால் அபராதமும் வழக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். முறையாகப் பார்க்க வேண்டுமென்றால், விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. கடல் நிலையைப் பொறுத்து அது நிற்கும், மறுபடி ஓடும், எனவே கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அது பார்த்துவிட்டு வருகிற பயணம். தண்ணீரில் இறங்கி ஸ்நார்கெல் போட ராமேஸ்வரம் தீவின் வடகரையும் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே உள்ள பிரப்பன்வலசையும்தான் சரி. குழுவில் சின்னப் பிள்ளைகளும் நீச்சல் தெரியாத பெரியவர்களும் அதிகமென்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகிறது, அதுவும் அழகான பயணம்தான். பாம்பன் பாலத்துக்கு அடியில் மட்டும் இறங்க ஆசைப்படாதீர்கள். இரண்டு கடலின் தண்ணீரும் அந்தக் குறுகிய வாய்க்காலில் பாய்வதால் இழுப்பு மிக அதிகம்.

ஆள் எண்ணிக்கையில் நான் கறாராக இருப்பேன். ஒரு படகுக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் வேண்டாம். குடும்பத்தோடு என்றால் சித்தப்பா வீட்டையும் மாமா வீட்டையும் சேர்த்து இருபது பேராகிவிடும், தெரியும், அப்போது இரண்டு படகு எடுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. தண்ணீரில் இருக்கும் தலைகளை ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், எட்டுக்கு மேல் போனால் யார் எங்கே என்று தெரியாது. பேரம் பேசும்போது விலையை விட முக்கியமாகக் கேட்க வேண்டியவை சில உண்டு: எல்லோருக்கும், பிள்ளைகள் அளவு உட்பட, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, உங்களோடு தண்ணீரில் இறங்குகிறவர் யார், அவர் இறங்கிய பிறகு படகில் ஆள் இருக்குமா, படகில் ஏற ஏணி உண்டா, எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஏற்பாடு. ஏணி விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீருக்குள் குதிப்பது சுலபம், ஈர உடம்போடு பைபர் படகின் விளிம்பைப் பிடித்து மேலே ஏறுவது நாற்பது வயதுக்கு மேல் பெரிய பாடு. ஜாக்கெட்டின் கொக்கிகளை நீங்களே மாட்டி இழுத்துப் பாருங்கள், கொக்கி உடைந்த ஜாக்கெட் வெறும் துணி.

மதுரையிலிருந்து மண்டபம் 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட இருக்கும். பரமக்குடி வரை நாலு வழிச் சாலையில் சீக்கிரம் போய்விடலாம், அதற்கு மேல் நிதானமாகத்தான் போக வேண்டும். காலை பத்து, பத்தரைக்கு மேல் காற்று ஏறித் தண்ணீர் கலங்கத் தொடங்கும் என்பதால் ஆறரை, ஏழுக்குப் படகில் இருக்க வேண்டும். அதற்கு ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பலாம், ஆனால் தூக்கமில்லாமல் வந்து படகில் ஏறுகிறவர்தான் முதலில் வாந்தி எடுப்பார், எனவே முந்தின நாள் சாயங்காலமே போய் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ தங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அன்று இரவு கறி தோசை, புரோட்டா சால்னா வேண்டாம். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். தலைசுற்றல் வருகிறவர்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காராமல் நடுவில் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்க்கட்டும். மாத்திரை போடுவதென்றால் டாக்டரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள், எல்லைக் கடல் பக்கம் என்பதால் விசாரிப்பார்கள்.

உடுப்பு பற்றி ஒன்று. சேலை, துப்பட்டா, வேட்டி எதுவும் தண்ணீருக்குள் ஆகாது, காலைச் சுற்றிக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய முழுக்கை டி-ஷர்ட், லெக்கிங்ஸ், இது ஆண் பெண் எல்லோருக்கும் பொருந்தும். குப்புற மிதக்கும்போது முதுகும் பின்னங்காலும்தான் வெயிலில் வேகும். துணியே மூடிவிட்டால் சன்ஸ்கிரீன் அதிகம் பூச வேண்டியதில்லை, அதில் உள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கெடுதல் என்பதால் இது இரட்டை நன்மை. பெண்கள் உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மாஸ்க்தான் பாதி வெற்றி. வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள், கையை எடுத்தாலும் அது ஒட்டி நின்றால் உங்கள் அளவு, விழுந்தால் வேறு கேளுங்கள். நெற்றி முடி ஒரு இழை உள்ளே மாட்டினாலும் தண்ணீர் வரும். பெரிய மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் கசியும், கொஞ்சம் வாஸ்லின் தடவினால் குறையும். கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்ட முடியாது, பவர் அதிகமென்றால் பவர் வைத்த மாஸ்க் தனியாக வாங்குவது நல்லது. மாஸ்க்கின் கண்ணாடியில் மூச்சுப் புகை படிந்தால் அதன் உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்து லேசாக அலசுங்கள், அருவருப்புப் படுகிறவர்கள் குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு சொட்டு விடலாம்.

மூக்கு மூடியிருக்க வாயால் மட்டும் மூச்சு விடுவதற்கு மனம் முதலில் ஒத்துக்கொள்ளாது. பயம் வரும், அது இயல்பு. அதனால் முடிந்தால் போவதற்கு முந்தின வாரம் ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்திலோ ஊர்க் கிணற்றுப் படியிலோ நின்று முகத்தை மட்டும் முக்கிப் பழகுங்கள். மூச்சை நீளமாக இழுத்து மெதுவாக விட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் வந்துவிட்டால் "தூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்றுங்கள். மாஸ்க்குள் வந்துவிட்டால் தலையை நிமிர்த்தி, மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதுங்கள், கீழ்வழியாக இறங்கிவிடும். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும். கம்மாயிலும் கிணற்றிலும் நீந்தி வளர்ந்தவர்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், கம்மாய்த் தண்ணீர் இழுக்காது, கடல் இழுக்கும். முங்கிப் பார்க்க ஆசைப்பட்டு வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு மூச்சடக்கும் பழக்கம் ஆபத்தானது, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும், பையன்கள் போட்டி போட்டால் உடனே நிறுத்துங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் படகிலேயே இருக்கட்டும்.

இறங்கியதும் படகிலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த் திசையில் முதலில் போங்கள், களைத்த பிறகு தண்ணீரே உங்களைப் படகுப் பக்கம் கொண்டுவரும். இருவர் இருவராகத்தான் மிதக்க வேண்டும். காலை அடிக்காமல் சும்மா கிடந்தாலே போதும், கிளிமீன் பாறையைக் கடிக்கிற கறுக் கறுக் சத்தம் கூடக் காதில் விழும். வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடியாகத் திரியும், ஓரா மீன்கள் கூட்டமாக மேயும், அதிர்ஷ்டம் இருந்தால் கணவாய் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். மீனைத் துரத்தாதீர்கள், இரை போடாதீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியம். களைத்தால் பாறை மேல் நிற்காதீர்கள். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதன் மேல்தோல் முழுக்க உயிர், ஊசி முனை அளவு வாய்களாக ஆயிரக்கணக்கில். குண்டுப் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், நீங்கள் ஒரு மிதியில் உடைப்பது உங்கள் வயதை விடப் பழையதாக இருக்கலாம். ஏற்கெனவே இந்தக் கடல் நிறைய பட்டிருக்கிறது: 2010இலும் 2016இலும் கோடை வெப்பத்தில் பவளங்கள் வெளுத்து ஏராளமாகச் செத்தன, அதற்கு முன்னால் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்தார்கள், 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. நிற்க வேண்டுமென்றால் மணல் இருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள், இல்லையென்றால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள், படகுக்காரர் வருவார். நங்கூரத்தை மணலில் போடச் சொல்லிக் கிளம்பும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கேட்கிறவர்கள் அதிகமானால் அவர்களும் பழகிவிடுவார்கள். பவளத்துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் எடுத்து வரக் கூடாது, வனஉயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்துக் கரை ஒதுங்கிய பவளத்துக்கும் அதே சட்டம்தான், கடையில் விற்றாலும் வாங்காதீர்கள்.

கடலில் பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்தால், பாம்பன் சின்னப்பாலம் பக்கத்து அக்காக்கள், படகை விலக்கிப் போகச் சொல்லுங்கள். அது அவர்கள் வேலைக்களம், கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் எரிச்சல் கூடும். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகி ஓடிவிடும். அது குத்திவிட்டால் தாங்குகிற சூட்டு வெந்நீரில் காலை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத்திணறல், வாந்தி, வீக்கம் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

முக்கால் மணி நேரம் தண்ணீரில் இருந்தால் போதும், உதடு நடுங்குகிற பிள்ளையை அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். படகுக்காரர் "போதும், ஏறுங்க" என்றால் ஏறிவிட வேண்டும், இன்னும் பத்து நிமிஷம் என்று பேரம் பேசக் கூடாது, காற்று மாறுவது அவருக்குத் தெரியும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, காதைத் தலைசாய்த்து வடியவிட்டு, நிறைய தண்ணீர் குடியுங்கள். நேரம் இருந்தால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், காலையில் பார்த்த மீன்களுக்கு அங்கே பெயர் தெரிந்துகொள்ளலாம். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு மதுரைக்குக் கிளம்பட்டும்.